செலாவின் கணினியும் பின்வீட்டுக் குழாயும்

மார்செலா கதிக்பாக் காதால் பிழைப்பவள். கடலுக்கு அப்பால் எங்கோ மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாய்க்குள் முணுமுணுத்துப் பதிவு செய்வதையெல்லாம், எங்கள் லிபா ஊரில் தன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவாள். இருமலுக்கு நடுவே நழுவும் மருந்துப் பெயரைக்கூடப் பிடித்துவிடுவாள். தெருமுனையில் ஜீப்னி வேன் திரும்பும்போதே அது யாருடைய வண்டி என்று சொல்வாள். அவள் மகனுக்கு நான் ஞானத்தாய். அதனால் அவள் எனக்கும் நான் அவளுக்கும் 'மாரே'தான். ஊருக்கு அவள் செலா.

செலாவின் கணவன் பசிலியோ சரக்குக் கப்பலில் இருந்தான். ஒரே மனையில் முன்வீடு அவர்களுடையது. பின்வீடு பசிலியோவின் தம்பி கனோருடையது. கனோர் கட்டட வேலைகளுக்குச் சாமான் வாங்கித் தருபவன். தன் வீட்டுக்கு மின்கம்பி இழுத்ததும், ஊரில் பலர் வீட்டில் இல்லாத மூன்று துளை பிளக் பாயிண்டுகளைப் பதித்ததும் தானே என்று பெருமையடிப்பான். அவன் மனைவி சாலிங். பிள்ளை ஒன்றே ஒன்று, நாலு வயதுப் பெண் பேபாங்.

சாலிங்குக்குக் கொரியப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் வேலை கிடைத்தபோது இணையம் செலாவின் வீட்டில் மட்டும்தான் இருந்தது. வைஃபை முற்றத்தைத் தாண்டும், பின்வீட்டுச் சுவரைத் தாண்டாது. பாடத்தின் நடுவே சாலிங் வாயைத் திறந்தபடி திரையில் உறைந்துபோவாள். எதிர்முனையில் பிள்ளைகள் சிரிக்கும். கனோர் எங்கிருந்தோ ஒரு தடித்த கேபிள் கொண்டுவந்தான். உள்ளே உலோகப் பின்னல் சுற்றியது, நுனியிலும் உலோகத் தொப்பி போட்டது. முன்வீட்டிலிருந்து துணிக்கொடியை ஒட்டியே இழுத்து, ஒரு முனையைச் செலாவின் கணினியில் செருகினான், மறுமுனையைச் சாலிங்கின் கணினியில்.

"கப்பலுக்கே போடுற சாமான் ஆத்தே இது. உங்க பேரன் காலம் வரைக்கும் வரும்" என்றான். ஆத்தே என்றால் அக்கா. அண்ணியையும் எங்களவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சாலிங்கின் பாடம் தடையில்லாமல் ஓடியது. செலாவின் கணினி விழத் தொடங்கியது.

பாதி அறிக்கையில் திரை நீலமாகும். வெள்ளை எழுத்துகள் வந்து நிற்கும். பிறகு தானாக அணைந்து தானாக எழும். தட்டச்சு செய்தது போயிருக்கும். வைரஸ் என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினாள், மறுநாளே விழுந்தது. மூடியைத் திறந்து தூசி தட்டினாள். நினைவகச் சில்லுகளைக் கழற்றி இடம் மாற்றினாள். மின்சாரப் பெட்டியைப் புதிதாக வாங்கிப் போட்டாள். நகரத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே பிற்பகல் முழுக்க ஒருமுறைகூட விழாமல் ஓடியது. "நல்லாத்தானே இருக்கு மேடம்" என்று திருப்பிக் கொடுத்தான் கடைக்காரன். வீட்டுக்கு வந்து எல்லாக் கம்பிகளையும் செருகி உட்கார்ந்தாள். காப்பி ஆறுவதற்குள் நீலத்திரை.

"டாக்டருங்க முனகலைக் கேட்டுக் கேட்டு அதுக்கே சீக்கு வந்துடுச்சு ஆத்தே. ஒரு லீவு குடுங்க" என்பான் கனோர்.

"நீ கேபிள் போட்ட அன்னிலேருந்துதான் இந்தச் சீக்கு."

"ஆலா ஏ, அடப் போங்க, கேபிள் என்ன பண்ணும்? அது சும்மா தகவல் போற பாதை."

ஆனாலும் அவசர அறிக்கை இருந்தால் செலா அந்தக் கேபிளைப் பிடுங்கிவிடுவாள். பிடுங்கினால் விழாது. சாலிங்குக்குப் பாடம் இருக்கும்போது மறுபடி செருகுவாள். இப்படியே இழுத்துக்கொண்டு போனது.

அந்த நாட்களில் சாலிங் ஒரு நல்ல செய்தி சொல்லியிருந்தாள். பேபாங் குளிக்க மாட்டேன் என்று சில மாதங்களாகவே அடம் பிடித்துக்கொண்டிருந்தது. குழாய் கடிக்கிறது என்று அழும். குளியலறைக்கு அடியில் நூனோ பூதம் குடியிருக்கிறதோ என்று பயந்து சாலிங் ஒரு மூலையில் சோற்றுருண்டை வைத்தாள், மன்னிப்புக் கேட்டாள். பிறகு பிள்ளை பொய் சொல்கிறது என்று முடிவு செய்து இரண்டு போடு போட்டாள். "இப்ப கொஞ்சநாளா அடங்கிட்டா ஆத்தே. என்னிக்காவதுதான் அழறா." எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

ஒரு முற்பகல் நான் செலாவுக்கு இலையில் சுற்றி அவித்த சூமான் பலகாரம் கொண்டுபோயிருந்தேன். அவள் காதுக்கருவியோடு உட்கார்ந்திருந்தவள் சட்டென்று கையை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னாள்.

"டாக்டர் குரலுக்குப் பின்னாடி ஒரு ரீங்காரம் மாரே. ம்ம்ம்னு. கொஞ்ச நேரத்துல இது விழும் பாருங்க."

விழுந்தது. காதுக்கருவியைக் கழற்றினாள். ஜன்னல் வழியே அதே சுருதியில் பின்வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

செலா ஜன்னலில் தலையை நீட்டி, மோட்டாரை நிறுத்தச் சொன்னாள், போடச் சொன்னாள், மறுபடி நிறுத்தச் சொன்னாள். சாலிங் என்னவோ ஏதோவென்று செய்தாள். போடும்போதெல்லாம் ரீங்காரம் வந்தது; சில நேரம் திரையும் போனது. கேபிளைப் பிடுங்கிவிட்டுப் போட்டால் ஒன்றும் ஆகவில்லை. செலாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "இருக்கட்டும், கனோர் சாப்பிட வரட்டும். அவன் வாயை அடைக்கிறேன்" என்றாள்.

கனோர் வந்தான். பின்வீட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சாலிங் தொட்டி நிரப்பிக்கொண்டிருந்தாள். செலா இடது கையைக் கணினிப் பெட்டியின் மேல் ஊன்றிக்கொண்டு, "இப்பப் பாரு" என்று சொல்லியபடியே பிடுங்கிக் கிடந்த கேபிளின் நுனியை வலது கையால் எடுத்தாள்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. செலா தரையில் கிடந்தாள். அவள் கத்தக்கூட இல்லை. முகம் சாம்பல் நிறமாகியிருந்தது, வலது கை தனியாக நடுங்கியது. நான் அவளைத் தாங்கி உட்காரவைத்தேன்.

கனோர் சிரிக்கத்தான் செய்தான். "இந்தக் கேபிள்ல ஒரு எறும்புகூடச் சாகாது ஆத்தே. வழுக்கிட்டீங்க." சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, தரையில் கிடந்த நுனியில் வைத்தான். டெஸ்டரின் விளக்கு எரிந்தது.

அவன் அதை எடுத்தான், துடைத்தான், மறுபடி வைத்தான். எரிந்தது.

"இது எங்கேருந்து வருது?" என்று செலா கேட்டாள். நாக்கு இன்னும் குழறியது.

"என் வீட்டுலேருந்து. சாலிங் கம்ப்யூட்டர் பெட்டியிலேருந்து."

"அந்தப் பெட்டிக்கு?"

"மூணாவது பின்னு. எர்த்து வயரு." அவன் குரல் இறங்கியது. "எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து... மோட்டாரும் அதுலதான்... மோட்டார்தான் கசியுது போல."

"எர்த்தை எதுல கட்டியிருக்க?"

"தண்ணிக் குழாயில. இரும்புக் குழாய் மண்ணுக்குள்ள போகுதுல்ல."

"மண்ணுக்குள்ள இருந்ததைத்தான் பிளாஸ்டிக்கா மாத்தினியே, கனோர்."

கனோர் பின்வீட்டுப் பக்கம் திரும்பினான். அந்த நேரத்தில்தான் பின்வீட்டிலிருந்து பேபாங்கின் அழுகை கேட்டது. "கடிக்குது இனாய், கடிக்குது." இனாய் என்று அது தன் அம்மாவைத்தான் கூப்பிட்டது.

செலா எப்படி எழுந்தாள் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. செருப்பில்லாத காலோடு முற்றத்தைக் கடந்து ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். கனோர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். பின்வீட்டு வாசல் சுவரில் இருந்த மெயின் சுவிட்சைச் செலா முஷ்டியால் அடித்து இறக்கினாள். மோட்டார் அடங்கியது.

குளியலறையில் சாலிங் சோப்பு நுரையோடு இருந்த பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயின் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். பேபாங் மற்றக் கையை நெஞ்சோடு இறுக்கி மூடிக்கொண்டு, கால்களை ஈரத் தரையில் ஊன்றிப் பின்னுக்கு இழுத்தது. சாலிங் காலில் ரப்பர் செருப்பு. பிள்ளைக்கு வெறுங்கால்.

"குழாயைத் தொட்டா ஒண்ணுமில்லைன்னு காட்டலாம்னுதான்... கரண்டை ஏன் ஆத்தே நிறுத்தினீங்க?"

செலா பிள்ளையை நுரையோடு அள்ளி வெளியே கொண்டுபோனாள். அதற்குள் கனோர் வந்து சேர்ந்தான். எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு, மறுபடி மின்சாரத்தைப் போட்டு, கதவடியில் நின்றபடி கையை நீட்டி டெஸ்டரைக் குழாயில் வைத்தான். செலாவின் வீட்டில் எரிந்த மாதிரியே எரிந்தது.

சாலிங் அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பொய் சொல்றான்னு அடிச்சேனே. கையைப் பிடிச்சு நானே வச்சேனே."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். செலா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு வேறொன்று புரிந்திருந்தது என்பது அவள் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

"கேபிள் போட்டப்புறம் அழறதை நிறுத்திட்டான்னு சொன்னியே சாலிங். என்னிக்காவதுதான் அழறான்னு." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். "கரண்டு கேபிள் வழியா என் வீட்டுக்கு வந்து மண்ணுல இறங்கிப்போயிருக்கு. எங்க வீட்டு எர்த்து நல்ல எர்த்து. அதான் என் கம்ப்யூட்டர் விழுந்திருக்கு. நான் கேபிளைப் பிடுங்கின நாளெல்லாம்..." அன்று முற்பகல் சோதித்துப் பார்த்ததிலிருந்து கேபிள் பிடுங்கித்தான் கிடந்தது.

யாரும் அன்று மதியம் சாப்பிடவில்லை. நகரத்திலிருந்து வந்த மின்பணியாளர் மோட்டாரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே சுருள் நனைந்து நாளுக்கு நாள் கசிவு கூடிக்கொண்டே வந்திருக்கிறது என்றார். இன்னும் கொஞ்சநாள் போயிருந்தால் என்று ஆரம்பித்து, பேபாங்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். புது மோட்டார் வந்தது. மண்ணில் செப்புக்கம்பி இறங்கியது. கசிந்தால் தானே விழும் சுவிட்சும் வைத்தார்கள். சாலிங் தனக்குத் தனி இணைப்பு எடுத்துக்கொண்டாள். கனோர் அந்தக் கேபிளைச் சுருட்டி எங்கோ கொண்டுபோய்ப் போட்டான்; எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் ஒரு பல்புகூடத் தானாக மாட்டியதில்லை. பேபாங் வெகுநாள் செலாவின் வீட்டுக்கு வந்து, அவள் மொண்டு ஊற்றினால் மட்டும் குளித்தது. அதைக் குழாயைத் தொடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பசிலியோவிடம் செலா தொலைபேசியில் சொன்னபோது நான் கூட இருந்தேன். அவன் பேபாங்கைத் திரையில் காட்டச் சொன்னான், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் செலா கனோரின் டெஸ்டரை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வீடு வீடாகப் போய், அனுமதி கேட்டு, குழாய், சலவை இயந்திரம், அரிசிக்குக்கர் என்று தொட்டுப் பார்த்தாள். சிலர் சிரித்தார்கள். மூலை வீட்டுக்காரி ரிஃபா, "ஏன் செலா, டாக்டர் வேலையை விட்டுட்டு பூதம் ஓட்டக் கிளம்பிட்டீங்களா?" என்றாள். செலா சிரிக்காமல் அவள் சலவை இயந்திரத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

கடைசியாக என் வீட்டுக்கு வந்தாள். நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் குளிர்பெட்டியின் கைப்பிடி மழைநாளில் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். அது கூச்சங்காட்டுகிறது என்று வருடக்கணக்காகச் சொல்லி விளையாடியிருக்கிறோம். என் கணவர் வேண்டுமென்றே என் கையைப் பிடித்து அதில் வைப்பார்.

"மாரே, இங்கே வாங்க" என்றாள் செலா.

போய்ப் பார்த்தேன். கைப்பிடியில் வைத்திருந்த டெஸ்டரின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.