பதினாறு பேரும் நஸ்ரினும்

பாலர் வகுப்பு வேலைக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். என்னிடம் இருந்தது மூக்கு துடைக்க ஒரு துப்பட்டா மட்டும்தான். பிளஸ் டூ கணக்கில் கோட்டை விட்டேன். வீட்டில் சும்மா இருந்தால் திட்டு விழும். அதனால் அரியாங்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து, புதுச்சேரி டவுனில் மாதா கோயிலை ஒட்டிய ஒரு சின்னப் பாலர் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தேன். பிள்ளைகளுக்கு நான் அக்கா. நாலு வயசை மேய்த்துக் களைத்தவர்கள் எல்லாரும் என் கட்சி. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

செருப்பு ஸ்டாண்டு

பள்ளி திறந்து ஒரு மாசம் கழித்து, பதினாறு பேர் இருந்த என் வகுப்புக்குப் புதுசாக நஸ்ரின் வந்தது. வகுப்புக்குள் வராது. வாசலில் செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் உட்காரும், முதுகுப் பையைக் கழற்றாது, மணிக்கணக்கில் விசும்பும். இந்த வெள்ளிக்கிழமைக்குள் பழகவில்லை என்றால் நிறுத்திவிட்டு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அதன் அம்மா சொல்லிவிட்டார். பள்ளியை நடத்தும் சிஸ்டர் அந்தப் பொறுப்பைத் தூக்கி என் தலையில் வைத்தார்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை குரங்கு. சொறிந்தேன், தாவினேன், மேசையில் முட்டியை இடித்துக்கொண்டேன். பதினாறு பிள்ளைகளும் உருண்டு சிரித்தார்கள். நஸ்ரின் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை கவனமாகப் பார்த்துவிட்டுக் கேட்டது:

"முடிஞ்சிடுச்சாக்கா? அம்மாகிட்ட போலாமா?"

சிம்மாசனம்

அடுத்த நாள் மூளையைப் பயன்படுத்தினேன், அதுதான் தப்பு. ஃபாதர் வந்தால் உட்காருவதற்கென்று ஒரு குஷன் நாற்காலி உண்டு. அதை என் பக்கத்தில் போட்டு நஸ்ரினை உட்கார வைத்தேன். மற்றவர்களுக்குப் பாய். அழுகை நின்றது. சிஸ்டர் எட்டிப் பார்ப்பாரா என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாயில் இருந்த ஜோயல் அந்த நாற்காலியை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டான்:

"இவங்க எப்பக்கா ஊருக்குப் போவாங்க?"

ஜெபம்

அதைக் கேட்டதும் நஸ்ரின் நாற்காலியிலிருந்து இறங்கி நேராகச் செருப்பு ஸ்டாண்டுக்குப் போய்விட்டது.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம். டிபன் டப்பா திறக்கும் முன் ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் சொல்லி, "இயேசுவே, ஜோயலை ஆசீர்வதியும்" என்பேன். பேர் வந்தவர் கையைத் தூக்கி "இருக்கேன்" என்பார். பதினாறு முறை. நஸ்ரின் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று அதன் பேரை மட்டும் முதல் நாளிலிருந்தே விட்டுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. நாசூக்காம்.

வியாழக்கிழமை அழைத்துப்போக வந்த அதன் அம்மாவிடம் இந்த நாசூக்கைப் பெருமையாக வேறு சொன்னேன். ஸ்கூட்டர் சாவியைப் போடப்போனவர் நிறுத்தினார். வீட்டில் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்துப் பிள்ளை பேர் சொல்கிறதாம். ஜோயல் உண்டு, மிச்சப் பதினைந்து பேரும் உண்டு. உன் பேர் எங்கே என்று கேட்டால், அங்கே நான் இல்லை என்கிறதாம். எனக்குக் காது சுட்டது. அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை.

"நான் வேணாம்னு சொன்னேனா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மா."

வெள்ளிக்கிழமை

பதினாறு பேர் முடிந்தது. பிள்ளைகள் டப்பாவில் கை வைத்துவிட்டார்கள். "இயேசுவே, நஸ்ரினை ஆசீர்வதியும்" என்றேன். குரல் பரீட்சை ஹாலில் இருந்த மாதிரி இருந்தது. வாசலிலிருந்து சத்தமே இல்லை. எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. போச்சு, அடுத்த வருஷம்தான் என்று நினைத்தேன். அப்போது பை கீழே விழும் சத்தம் கேட்டது. நஸ்ரின் டிபன் டப்பாவோடு உள்ளே வந்தது. நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாயில் ஜோயலை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, கையைத் தூக்கி "இருக்கேன்" என்றது.

அப்பாடா என்று அதன் டப்பாவைத் திறந்துவிடப் போனேன். மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது.

"உங்க பேர யாருமே சொல்லல. நீங்களும் புதுசாக்கா?"

நஸ்ரினை வகுப்பில் சேர்த்தது நான்தான் என்று சிஸ்டர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு அட்மிஷன் போட்டதே நஸ்ரின்தான் என்று நான் இன்னும் அவரைத் திருத்தவில்லை.