இடது சீட்

நம்பினால் நம்புங்கள். என் தலையில் அடித்துச் சொல்கிறேன், இதெல்லாம் எனக்கு நடந்தது.

1996, ஆடி மாதம். கோயமுத்தூரில் அழகிரிசாமியின் பட்டறையில் மெக்கானிக்காகச் சேர்ந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. பழைய இன்ஜினுக்கு ஃபைபர் பாடி கட்டி, ரெண்டு சீட் பந்தயக் கார் ஒன்று செய்து வைத்திருந்தார் முதலாளி. ஐநூறு கிலோகூட வராது. மிதித்தால் பறக்கும். வளைவில் ரோட்டைக் கவ்விக்கொண்டு திரும்பும். எனக்கு அதன்மேல் பைத்தியம். ஆனால் கூரை கிடையாது, ஒரு பை வைக்க இடம் கிடையாது. ஓட்டுகிறவனோடு இன்னும் ஒரே ஒரு ஆள், அவ்வளவுதான்.

அன்று மதியம் வால்பாறையிலிருந்து போன். தாய்வீட்டில் இருந்த என் மனைவி அன்புச்செல்விக்கு ஏழாம் மாதத்திலேயே வலி. எஸ்டேட் ஜீப் பழுது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும். முதலாளி ஊரில் இல்லை. பட்டறையில் ஓடும் நிலையில் இருந்தது அந்தப் பந்தயக் கார் ஒன்றுதான். கேட்காமலே சாவியை எடுத்துவிட்டேன்.

மலை ஏறும்போதே வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. டயர் மட்கார்டில் உரசியது. கர்... கர்... இறங்கிப் பார்த்தேன். காற்றும் சரி, ஸ்பிரிங்கும் சரி.

மாலை 5.40. எஸ்டேட் தொழிலாளர் வரிசையில் மாமியாரின் லயன் வீட்டு வாசல். மாமியார் பழனாத்தாள் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். இடது கதவைத் திறந்தேன். குனிந்தவள் பின்வாங்கினாள்.

“ஏனுங்க... ஆரோ உக்காந்திருக்கறாங்களே.”

“ஆருமில்ல கண்ணு. ஏறு.”

“எந்திரிக்கச் சொல்லுங்க... ரெண்டு கையாலயும் சீட்டைப் புடிச்சிருக்கறாரு.”

என் கண்ணுக்கு வெறும் சீட். கையை வைத்தேன்.

ஈரத் துணி...

அதற்குள் சூடாக ஒரு தொடை.

இழுத்தேன். கெஞ்சினேன். அழுதேன்.

அசையவில்லை.

6.35க்குத்தான் தேயிலை லாரி வந்தது. காரை அங்கேயே போட்டுவிட்டு லாரியில் அவளை ஏற்றினோம். ஆஸ்பத்திரி சேர மணி ஒன்பது. அவள் பிழைத்தாள். குழந்தை இல்லை. ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால் என்றார் டாக்டர். நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

எட்டாம் நாள் முதலாளியிடம் எல்லாம் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

“ஓட்டிப் பாக்கறப்ப இடப்பக்கம் ஆளு எடைக்கு மணல்மூட்டை வெப்போம் தம்பி. போன மாசம் மூட்டை இல்லீனு வெல்டர் அப்புசாமியை உக்கார வெச்சேன். அந்த வால்பாறை மலையிலதான் வண்டி பொரண்டுது. எனக்குக் கீறல்கூட இல்ல. அவன் அங்கயே போயிட்டான்.”

என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்.

“கெளம்பறப்ப, நாஞ் சொல்றவரைக்கும் எந்திரிக்காதேன்னு அவன்கிட்டச் சொல்லியிருந்தேன்.”