மூக்கடைப்பும் அம்மாவின் புடவையும்

எங்கள் மந்தைவெளி வீட்டில் மார்கழிப் பனி இறங்கினால் முதலில் தெரிவது என் மூக்குக்குத்தான். கண் விழித்ததும் தும்மல். பள்ளிக்குக் கிளம்புவதற்குள் இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். அம்மா இருந்தவரை நான் அதைச் சட்டை செய்ததில்லை. அவள் செத்துப்போன பிறகு வந்த மார்கழியில்தான் பயந்துபோனேன்.

காரணம், ஒரு புடவை. அம்மாவின் மற்றப் புடவைகளையெல்லாம் அத்தை துவைத்து மடித்து உறவுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாள். கடைசியாகக் கட்டி அவிழ்த்துப்போட்ட நூல்புடவை மட்டும் துவைக்காமல் என் தலையணைக்கடியில் தங்கியது. பவுடரும் வியர்வையும் பெருங்காயமுமாக அதில் அம்மா வாசனை. மூக்கு அடைத்ததிலிருந்து அதில் ஒன்றுமே தெரியவில்லை. வாசனையே போய்விட்டதோ? யாரிடம் கேட்பது! அப்பா ஆபீசிலிருந்து வந்தால் டிவி முன்னால் உட்கார்ந்து வாயைத் திறக்கமாட்டார்.

ஆகவே, மற்றக் குழந்தைகள் ஓடி ஒளியும் வைத்தியத்துக்கு நானே தலையை நீட்டினேன். வாட்ச்மேன் மனைவி நொச்சி இலை கொண்டுவந்தாள்.

"போர்வையப் போத்திக்கினு ஆவி புடி கண்ணு. சும்மா தொறந்துக்கும்."

பிடித்தேன். அத்தை மஞ்சள் கிழங்கைச் சுட்டுப் புகையை மூக்கில் ஏற்றினாள். கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது, நான் அசையவில்லை. இப்படியும் ஒரு சமத்தா என்று எனக்குத் திருஷ்டி கழித்துவிட்டு, அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"டேய், மொதல்ல அந்தப் பொடவையத் துவைச்சுப் போடு. அவ்ளோ தூசிய மூஞ்சில வெச்சுக்கிட்டுப் படுத்தா தும்மல் எப்படிடா நிக்கும்?"

அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது மூக்கு திறந்திருந்தது. அடடா, என்ன சந்தோஷம்! பக்கத்து வீட்டில் காபி இறங்குவதுகூடத் தெரிந்தது. தலையணைக்கடியில் கையை விட்டேன். புடவை இல்லை.

மொட்டைமாடிக்கு ஓடினேன். அப்பா அதைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தார். மெஷினில் போடாமல் கையாலேயே துவைத்திருந்தார்.

"தூசியெல்லாம் போயிடுச்சும்மா. இனிமே உனக்குத் தும்மல் வராது."

ஈரப் புடவையில் முகத்தைப் புதைத்தேன். சோப்பு வாசனை. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஓவென்று அழுதேன். அம்மாவைப் பறிகொடுத்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்கிற கோபத்தில், அன்று முழுவதும் அப்பாவோடு பேசவேயில்லை. புடவையைத் துவைத்த தண்ணீரை அவர் ஏன் சாயங்காலம்வரை கொட்டாமல் வாளியிலேயே வைத்திருந்தார் என்று எனக்குப் புரியவும் இல்லை.