ஏழு மணிப் பிரதி

எனக்கு எதையும் நம்பிவிட்டு நிம்மதியாக உட்காரத் தெரியாது. வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு தெரு தாண்டியபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் நான். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எந்தப் பெட்டி எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது, போகும்போது எப்படி இருந்தது, எல்லாம் ஒரே டேட்டாபேஸில் இருக்கும். முன்பு அதை பென் டிரைவில் நானே தினமும் நகல் எடுப்பேன். மறந்துபோன அன்று சோறு இறங்காது. அதனால் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். மாலை ஏழு மணிக்கு அது தானாகப் பிரதி எடுத்து, எண்ணூரில் இருக்கும் எங்கள் இன்னொரு ஷெட்டின் கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் வழியாக அனுப்பிவிடும். உடனே எனக்கு 'பிரதி போய்விட்டது' என்று மெயில் வரும். மேனேஜரே கூப்பிட்டுப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆயுதபூஜை முடிந்து எட்டாம் நாள், அந்த டேட்டாபேஸ் இருந்த சர்வரின் டிஸ்க் செத்தது. ஸ்கிரிப்ட் அங்கேயே எடுத்து வைத்த நகல்களும் அதே டிஸ்க்கில்தான் இருந்தன, கூடவே போயின. அதற்கு முதல் நாள்தான் ஒரு புகார் வந்திருந்தது. பூஜையன்று மதியம் எங்கள் கேட்டைத் தாண்டிப் போன ஒரு பெட்டியில் பாதிச் சரக்கு இல்லையாம். சீல் உடைந்திருந்ததைக் கேட் கிளார்க் கவனிக்கவில்லை என்று அவர் தலையில் பழி விழுந்தது.

அந்த கிளார்க் ராயபுரத்துக்காரர், எனக்கு அண்ணன் மாதிரி. பெட்டியின் பின்பக்கம் வரை நடந்து போய்ச் சீலைக் கையால் தொட்டுப் பார்க்காமல் ஒரு டிரெய்லரையும் விடமாட்டார். அன்றும் பார்த்திருக்கிறார். சீல் உடைந்திருப்பதைக் கம்ப்யூட்டரில் குறிப்பாக அடித்துவிட்டு, சூப்பர்வைசருக்கு போன் செய்திருக்கிறார். பூஜைக்கு நேரமாகிறது, விட்டுவிடு என்றாராம் சூப்பர்வைசர். இப்போது அதே மனிதர், எனக்கு யாரும் சொல்லவில்லை என்கிறார். அந்தக் குறிப்பை நாளைக் காலைக்குள் காட்டு, இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அண்ணன் என்னிடம் வந்தார். "மாதா மேல ஆணையா நான் அடிச்சேன். உன் காப்பில இருக்கும்ல?"

"கண்டிப்பா இருக்கும்ணே, கவலைப்படாதீங்க" என்றேன். வாய்தான் சொன்னது, எனக்கே நம்பிக்கை இல்லை.

ஏனென்றால் அந்த மெயிலின் லட்சணம் எனக்குத்தான் தெரியும். பிரதி போனாலும் வரும், போகாவிட்டாலும் வரும். போனதா என்று பார்த்துவிட்டுச் சொல்லும் வரியை நான் எழுதவே இல்லை. அப்புறம் எழுதலாம் என்று விட்டதுதான். இன்னொரு கோளாறும் இருந்தது. எண்ணூர் கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் நெட்வொர்க்கில் அதன் முகவரி மாறிவிடும், என் ஸ்கிரிப்ட் பழைய முகவரிக்கே போய்த் தட்டிக்கொண்டிருக்கும். ஆயுதபூஜையன்று எங்கள் இடங்களில் அணைக்காத மெஷின் உண்டா? கிரேன் முதல் கால்குலேட்டர் வரை எல்லாவற்றையும் நாலு மணிக்குள் அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் மறுநாள் வரை யாரும் தொடமாட்டார்கள். எங்கள் சர்வரை மட்டும் அணைக்க நான் விடவில்லை, எண்ணூரில் யார் தடுத்திருப்பார்கள்? பெட்டி போனது மதியம். பிரதி போவது ஏழு மணிக்கு. நடுவில் பூஜை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எண்ணூரில் பிரதிகள் போய்ச் சேரும் ஃபோல்டரை இருந்த இடத்திலிருந்தே திறந்து பார்க்கலாம் என்றால், அதன் பாஸ்வேர்டை நான் சேமித்து வைத்திருந்தது செத்துப்போன சர்வரில். பைக்கை எடுத்தேன். எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றன. சந்து கிடைத்த பக்கமெல்லாம் நுழைந்தேன். அனல்மின் நிலையச் சாம்பல் கண்ணில் விழுந்து எரிந்தது. அண்ணனின் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் என்பது அப்போது பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது.

ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா முகத்துவாரக்குப்பத்துக்காரர். வாசலிலேயே கேட்டேன், பூஜைக்குக் கம்ப்யூட்டரை அணைத்தீர்களா என்று.

"பின்ன? மொத ஆளா அத்தத்தான் ஆஃப் பண்ணேன். பொட்டு வெச்சேன், பூ போட்டேன்" என்றார், பெருமையாக.

முடிந்தது என்று நினைத்தேன். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். ஏதாவது கேட்க வேண்டுமே என்று, எப்படி அணைத்தீர்கள் என்றேன்.

"நீதான காட்டிக் குட்த்த? இத்த அமுக்குனா ஆஃபுன்னு." திரையின் கீழே இருந்த பொத்தானில் விரலை வைத்தார்.

ஷெட்டை மூடும்போது திரையை மட்டும் அணையுங்கள் என்று நான்தான் ஒருநாள் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவருக்கு அந்தத் திரைதான் கம்ப்யூட்டர். சட்டென்று குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். தூசி படிந்த சிபியு பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

திரையைப் போட்டேன். ஓரத்தில் குங்குமம் காய்ந்திருந்தது. ஃபோல்டரில் பூஜை நாளின் பிரதியும் இருந்தது, அதற்குப் பிந்தைய நாட்களின் பிரதிகளும் இருந்தன. என் லேப்டாப்பில் ஏற்றித் திறந்து, பெட்டி எண்ணைத் தேடினேன். குறிப்பு இருந்தது: சீல் உடைந்துள்ளது, சூப்பர்வைசரிடம் சொல்லியாயிற்று, அவர் அனுப்பச் சொன்னார். நேரமும் இருந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, நான் ஏதோ உடம்பு முடியாமல் இருக்கிறேன் என்றுதான் நினைத்தார்.

அண்ணனுக்கு போன் போட்டேன். எடுத்ததும், "நான் அடிச்சது அதுல கீதா, இல்லியா?" என்றார்.

இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. குறிப்பு இல்லை என்றே அவர் எடுத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "சரி வுடு நைனா. நீ இன்னா பண்ணுவ. இருட்டுறதுக்குள்ள பாத்து வண்டி ஓட்டிகினு வா. டிரெய்லர்காரனுங்க கண்ணு மண்ணு தெரியாம வருவானுங்க."

வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே ஒரு மனிதர் என்னிடம் சொன்னது அது. அதற்கு மேல்தான் எனக்குக் குரல் வந்தது. இருக்கிறது அண்ணே, நீங்கள் அடித்தது அப்படியே இருக்கிறது என்றேன்.

மறுநாள் மேனேஜர் குறிப்பைப் படித்தார். அண்ணன் தன் கேட்டுக்குத் திரும்பிப் போனார். என் ஸ்கிரிப்ட்தான் தன்னைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் வருகிற போகிற டிரைவரிடமெல்லாம் சொல்கிறார். இல்லை என்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.