மாவுக் கையும் இரண்டு போனும்

நான் உப்புப் போட்டு இட்லி மாவைக் கையால் கலக்கும்போதுதான் ஊரிலிருந்து அக்கா கூப்பிடுவாள். மாவு விரலால் எவ்வளவு தேய்த்தாலும் என் பழைய போன் எடுக்காது. அக்கா கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசமாட்டாள்.

டெல்லி கரோல் பாக்கில் ஒரு போன் கடையில் மருமகள் இரண்டு மலிவு போன்களின் கேமராவை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பையிலிருந்து மாவு டப்பாவை எடுத்தேன்.

"அத்தை, மானத்த வாங்காதீங்க."

"போனத்தான் வாங்க வந்தேன். கடைக்காரர்கிட்ட என் சிம்ம ரெண்டுலயும் மாத்தி மாத்திப் போடச் சொல்லு. நீ கூப்பிடு."

விலை கூடிய போன் மாவு விரலுக்கு மசியவில்லை. விலை குறைந்த போன் உடனே எடுத்தது. அதையே வாங்கினேன்.

மறுநாள் அக்கா கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"என்னடி, அதுக்குள்ள எடுத்துட்ட? வீட்ல வேலையே இல்லையா?"

இப்போதெல்லாம் நாலு தடவை மணி அடித்த பிறகுதான் எடுக்கிறேன்.