முதல் புதன்கிழமையின் கையெழுத்து

சிவபாதம் அண்ணையின் மகள் காலை எட்டு மணிக்கு அழைத்தபோது நான் லண்டன் ஸ்ட்ரெதமில் பேருந்துக்காக நின்றிருந்தேன். "அன்ரி, அப்பா எழும்பேல்லை" என்றாள். "எழுப்பிப் பார் பிள்ளை" என்றேன். என்ன மடைத்தனமான பதில். முதல் நாள் மாலைதான் என்னோடு சண்டை பிடித்துவிட்டுப் போனை வைத்த மனிதர். இந்த அஞ்சலியை எழுதும்போதும் என்னால் நம்ப முடியவில்லை.

அவரோடு பழகிய உங்களுக்கு அவருடைய கடைசி வேலையைப் பற்றி அதிகம் தெரிந்திராது. ஓர் ஐரோப்பிய நாட்டின் ஆட்சியில் இன்னும் இருக்கிற சிறு தீவொன்றின் விடுதலை இயக்கம், அந்த அரசோடு இங்கே லண்டனில் பேச்சுவார்த்தை நடத்தியது. இயக்கத்தின் சட்ட ஆலோசகர் அண்ணை; நான் அவருக்குத் துணை. எங்கோ கிடக்கிற தீவுக்காக ஏன் மினக்கெடுகிறீர்கள் என்று கேட்டால் ஒன்றுதான் சொல்லுவார்: "பேச்சு நிண்டால் பறவாயில்லை, முறியக் கூடாது. முறிஞ்சால் என்ன நடக்குமெண்டு எங்களுக்குத் தெரியும்தானே." ஊரில் அப்படி முறிந்த ஒரு பேச்சுக்குப் பிறகுதான் அவருடைய தம்பிமார் இருவரும் காணாமல் போனார்கள்.

முதலில் கைதிகளை விடுவதா, துறைமுகத்தைப் பற்றிப் பேசுவதா என்ற இழுபறியில் அரசுத் தரப்பு ஒருநாள் கோப்புகளை மூடிக்கொண்டு எழுந்து போனது. நாங்களும் எழுந்தோம். அண்ணை அசையவில்லை. "ஐஞ்சு மணி ஆகேல்லை. இருங்கோ" என்றார். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விதி அவருக்கு மனப்பாடம். மாதத்தின் முதல் புதன்கிழமை, இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில், ஒரு தரப்பாவது பேச்சு நடக்கிற மண்டபத்துக்கு வந்து வருகைப் புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும். எவரும் வராவிட்டால் பேச்சு முடிந்ததாகக் கொள்ளப்படும். போர்நிறுத்தமும் அதோடு போய்விடும்.

அதன்பிறகு பதினொரு மாதம் அவர் தனியாகப் போனார். ரயில் ஓடாத நாளிலும் நோர்பரி வீட்டிலிருந்து மூன்று பேருந்து மாறிப் போனார். கையில் ஆறு மரக்கறி ரோல்ஸ், அதில் மூன்று எதிர்த்தரப்புக்கு. "வெறும் கதிரைக்கு ரோல்ஸ் குடுக்கிற ஒரே லோயர் நீங்கள்தான்" என்று சீண்டுவேன். "வந்தால் பசியோட வருவினம், தங்கச்சி" என்பார். ஐந்து மணிக்கு அவை மண்டபக் காவலாளிக்குப் போகும். எனக்கு இந்தப் பிடிவாதம் எரிச்சல்தான். கடைசிச் சண்டையும் அதைப் பற்றியதே. "எனக்கு உடம்பு ஒரு மாதிரிக் கிடக்கு. நாளைக்கு ஒருக்கா நீர் போம்" என்றார். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். "சரி, நானே போறன்" என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் செய்தி வந்ததும் யாழ்ப்பாணத்துச் சனம் என்ன செய்யுமோ அதைத்தான் செய்தோம். போட்டது போட்டபடி செத்த வீட்டுக்கு ஓடினோம். தீவின் தூதுக்குழுத் தலைவரும் வந்து எங்களோடு தரையில் இருந்தார். எங்கள் தரப்பில் கையெழுத்திட உரிமை உள்ளவர்கள் மூன்றே பேர். ஒருவர் போய்விட்டார், மற்ற இருவரும், தலைவரும் நானும், ஒரே அறையில் அழுதுகொண்டிருந்தோம். நாலு மணி தாண்டியிருக்கும். அண்ணையின் மனைவி மனோ அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"இண்டைக்கு முதல் புதன் எல்லே? அங்க ஆர் போனது?"

நான் எழும்பிக் கைப்பையைத் தேடினேன். செத்த வீட்டுக்கு வந்தவள் குளிக்காமல் வேறிடம் போகக் கூடாதே என்று ஒரு மாமி இழுத்தார். "அவள் போகட்டும்" என்றார் அக்கா. "இல்லாட்டி அந்த மனிசன் இவ்வளவு நாளும் போனதுக்கு அர்த்தமில்லை. ஓடு பிள்ளை."

மண்டபத்தை அடைந்தபோது ஐந்துக்கு ஏழு நிமிடம். காவலாளி புத்தகத்தை நீட்டி, ஐயா எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் அடுத்த மாதத்து வரியை எழுதிவைத்துவிட்டு எழும்புவது அண்ணையின் வழக்கமாம். எனக்கு அது அன்றுதான் தெரியும். அன்றைய திகதி, அவருடைய முழுப்பெயர், இரண்டும் அவர் கையால் எழுதப்பட்டிருந்தன. கையொப்பத்துக்கான இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. அதன் கீழே என் பெயரை எழுதி ஒப்பமிட்டேன். ஐந்து மணி ஆகும்வரை வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்தப் புதன்கிழமையைத்தான். வேலை இருக்கிறது என்று இனிச் சொல்ல மாட்டேன், அண்ணை. எழும்ப முதல், அடுத்த மாதத்து வரியில் என் பெயரை எழுதிவைத்துவிட்டுத்தான் வந்தேன்.