பெயர் வெட்டிய தட்டு

தாழிட்ட கதவின் இடுக்கு வழியாகத்தான் அந்த வாசனை வந்தது. நெய்யுமில்லை, எண்ணெயுமில்லை, சூடாக, ஓரம் லேசாகக் கருகினாற்போல ஒன்று. என்னவென்று தெரியாமலேயே என் வயிறு எழுந்து உட்கார்ந்தது.

அன்று கிறிஸ்துமஸ். ஆரணியில் எங்கள் தறிக்காரர் தெருவில் ஒரே கிறிஸ்தவ வீடு எங்களுடையது. வருடாவருடம் அம்மா சுடும் அதிரசத்தையும் முறுக்கையும் எவர்சில்வர் தட்டுகளில் ஏந்திக்கொண்டு, தெருக் கூட்டும் கன்னியம்மாவிடமும், முனை பேக்கரியில் அடுப்படியில் வேகும் பாஷா பாயிடமும் நான்தான் ஓடுவேன். "வெறுந்தட்டா திருப்பக் கூடாது" என்பார்கள். ஒரு பிடி சர்க்கரையோடாவதுதான் தட்டு வீடு திரும்பும். மாறிப்போகாமலிருக்க, ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரர் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும்.

அந்த வருடம் அப்பா களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை அடுக்கிலிருந்து விழுந்து, இடுப்பு முறிந்து, வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அரிசி மூட்டை சுமந்தவர் வீட்டில் இரண்டு நாளாக அரிசி இல்லை. கொடுக்க ஒன்றுமில்லாத முகத்தை யாருக்கும் காட்ட முடியாமல் அம்மா கதவைச் சாத்திவிட்டாள். வெளியே துடைப்பச் சத்தம் நின்றது.

"இன்னாம்மா, இந்த வருசம் ஏசுசாமி பொறக்கலியா?" கன்னியம்மாவின் சிரிப்பு.

பசியில் சிணுங்கிய தம்பியின் வாயை அம்மா பொத்தினாள். "ஊருக்குப் போய்ட்டாங்க போலக்கீது" என்று சொல்லிக்கொண்டே துடைப்பம் நகர்ந்து போயிற்று. அம்மாவின் உள்ளங்கைக்குள் தம்பியின் மூச்சு முட்டிய சத்தம் மட்டும் இன்னும் நகரவில்லை.

அதற்கப்புறம்தான் அந்த வாசனை. கதவைத் திறந்தால், யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தட்டில் காகிதம் விரித்து, அதன்மேல் நாலு "பப்ஸ்". பாய் பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டுமே பார்த்திருந்தது. தம்பி நீட்டிய கையை அம்மா தட்டிவிட்டாள். டப்பா டப்பாவாகத் திறந்தாள், கவிழ்த்தாள், உதறினாள்.

"திருப்பி வெக்க நம்மகிட்ட இன்னா கீது? பிச்ச போட்டுட்டுப் போயிருக்காங்க. பாய்கிட்டயே குட்த்துட்டு வாடி. ஒண்ணு கொறஞ்சிது, கைய முறிச்சிடுவேன்."

நடந்தேன். காற்றில் பறந்து மணிக்கட்டில் ஒட்டிய ஒரு பப்ஸ் செதிலை நக்கினேன். உப்பாக இருந்தது, அப்புறம் இல்லாமல் போயிற்று, இனிப்பில்லாத ஒரு பண்டம் இப்படிக் கரையுமா என்று தெருவிலேயே நின்றுவிட்டேன். நாலையும் தின்றுவிட்டு எங்காவது ஓடிவிடலாம். எங்கே ஓடுவது?

"இன்னா பாப்பா, திருப்பி எடுத்தாந்துட்ட?" பாஷா பாய் மாவுக் கையால் காகிதத்தைத் தூக்கினார். "யாரு பேரு இது? படி."

ஞா. தேவமணி. அப்பா.

"போன வருசம் அதிரசம் வந்த தட்டு. வெறுந்தட்டா எப்டி குடுக்கறதுன்னு வெச்சிகினே இருந்துட்டேன். லேட்டுதான், அம்மாவக் கோச்சிக்க வேணாம்னு சொல்லு. பேஜார் பண்ணாம ஜல்தி போ, ஆறிடும்."

அம்மா அந்தப் பெயரைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு எங்களுக்குப் பிட்டுக் கொடுத்தாள். எங்கள் சட்டையிலும் தரையிலும் உதிர்ந்த செதில்களை ஒற்றி எடுத்து, அதை மட்டும் தின்றாள்.

அப்பா வீடு திரும்பவில்லை. தட்டு என்னிடம் இருக்கிறது.

இப்போது தெருவுக்கு இரண்டு பேக்கரி. நானும் பலகாரத்தை அட்டைப் பெட்டியில்தான் கொடுக்கிறேன். பெட்டி திரும்பி வருவதில்லை, அதில் யார் பெயரும் இல்லை. எங்கள் தெருவில் குப்பை வண்டி ஓட்டும் பெண், புருஷன் படுத்த படுக்கையானதிலிருந்து வேலைக்கு வருவதில்லை. போன கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே ஒரு குழந்தை சிணுங்கியது, சட்டென்று அடங்கியது. எப்படி அடங்கியதென்று எனக்குத் தெரியும்.

பெட்டியோடு நின்றேன். திருப்பிக் கொடுக்க, அவர்கள் பெயர் வெட்டிய தட்டு என்னிடம் ஒன்றுகூட இல்லை.